ஞாயிறு வாசிப்பு வட்டம்: திரும்பிப் போன கப்பல்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணி, வழக்கமான மாடி அறை. பொருள்: 1998 ஆஸ்திரேலியத் துறைமுகக் கதவடைப்பு.

ஏப்ரல் 7 இரவு கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் பேட்ரிக் நிறுவனம் தன் சங்கத் தொழிலாளர்கள் சுமார் 1,400 பேரை வெளியேற்றியது. முகமூடிக் காவலர்கள், கூடவே நாய்கள். சங்கம் சாராத ஆட்கள் சரக்கேற்றிய ‘கொலம்பஸ் கனடா’ கப்பல் மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது அங்கே மறியல். அமெரிக்கத் துறைமுகத் தோழர்கள் அந்தப் பெட்டிகளைத் தொடவே இல்லை. வந்த சரக்கோடு கப்பல் திரும்பியது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

1. நேற்று அனுப்பிய 4 பக்கங்களைப் படித்துவிட்டு வாருங்கள்.
2. 2002 அமெரிக்க மேற்குக் கரைக் கதவடைப்பு பற்றி 10 நிமிடம் பேச ஒருவர் வேண்டும். யார்?
3. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் ‘சரி’ என்று போடுங்கள், சுண்டலுக்குக் கணக்கு வேண்டும். வெறும் கட்டைவிரல் போட்டால் எண்ண மாட்டேன்.