ஆச்சி வீட்டு அளவும் ஒரு நன்றி மடலும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டுக்காக எட்டு மாதமாக நான் இழைத்துக்கொண்டிருந்த செட்டிநாட்டு வீடு போன வாரம், ஆட்டக்காரர்கள் தாங்கள் செய்ததைப் பகிரும் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் ஏறிவிட்டது. ஏற்றியவன் நான், அதை நிமிர்ந்து நிற்கவைத்தவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் காரைக்குடி ஆச்சி. இணையப் படங்களில் முகப்பும் தூணும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மேலேயிருந்து பார்க்கிற விளையாட்டில் கூரைதானே முதலில் கண்ணில் படும்? ஆச்சி என்னை மாடிக்கு அழைத்துப்போய், வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஓடு எப்படி உள்பக்கமாகச் சரிகிறது, மழைத்தண்ணீர் எங்கே விழுகிறது என்று காட்டினார்கள். “யாரும் குடியிருக்கப் போறதில்லே, எதுக்குப்பா இத்தனை அளவு?” என்று கேட்டுக்கொண்டேதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்கள்.

அந்த அளவுதான் அப்புறம் வம்பானது. விளையாட்டில் தானாக முளைக்கும் வீட்டுக்கு அதிகபட்சம் 4க்கு 4 கட்டம். ஒரு கட்டம் 8 மீட்டர், ஆக வாசலிலிருந்து கொல்லை வரை 32 மீட்டர். செட்டிநாட்டு வீடோ இந்தத் தெருவில் வாசல் வைத்தால் அடுத்த தெருவில் கொல்லைக்கதவு வைக்கும். சரி, அடுப்படியை வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். “வெட்டாதே, கையால் வைக்கிற கட்டடமாக மாற்று, ரிக்கோ மாட் என்ற துணை நிரலைப் போட்டால் ஆட்களும் குடிவருவார்கள்” என்று தடுத்த நண்பனுக்கும், அந்த நிரலைக் கைவிடாமல் காத்துவந்தவர்களுக்கும் நன்றி.

வீட்டை வடித்த முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரிலிருந்து முதன்முதலில் கொண்டுவந்தபோது வீடு தெருவில் மல்லாந்து கிடந்தது. பிளெண்டருக்கு மேல்திசை இசட் அச்சு, விளையாட்டு ஓடும் யூனிட்டி எஞ்சினுக்கு ஒய். இரவு பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியிலேயே அதைத் திருப்பி நிறுத்தியது சித்தப்பா மகன்.

பழைய மடிக்கணினி வைத்திருக்கும் தோழிக்குத் தனி நன்றி. இருபது வீடு வைத்ததுமே அவளுடைய விளையாட்டு நொண்ட ஆரம்பித்தது. “கதவுச் செதுக்கலை எந்தப் பறவை வந்து பார்க்கப் போகிறது?” என்று திட்டினாள். நியாயம்தான். செதுக்கலை முழுக்க நார்மல் மேப்புக்கு, அதாவது தட்டைப் பரப்பை மேடுபள்ளமாகக் காட்டும் படத்துக்கு, மாற்றினேன். தூரப் பார்வைக்கான எளிய மாடலை நான் செய்யாமல் விட்டதால் விளையாட்டே ஒன்றைத் தயாரித்திருந்தது. தள்ளி நின்று பார்த்தால் வீடு உருகிய மெழுகு மாதிரி இருந்தது. அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

நேற்று ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “திண்ணை உயரம் பத்தாதே” என்றார்கள். அடுத்த பதிப்பில் உயர்த்திவிடுகிறேன், ஆச்சி.

அன்புடன்,
உங்கள் கொத்தனார்