பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள்: பங்குத்தந்தைக்கும் பங்குப்பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவையின் துணைத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

கடந்த ஞாயிறு இரண்டாம் திருப்பலியின் முடிவில் அறிவிப்புகளை வாசித்த பின், நம் பங்கில் கோயில் பணிக்கு ஆள் முன்வருவதே இல்லை என்றும், எல்லாரும் பூசை கண்ட கையோடு வீட்டுக்கு ஓடுவதிலேயே குறியாக இருக்கிறார்கள் என்றும் தந்தை அவர்கள் மனம் நொந்து சொன்னீர்கள். அந்த வருத்தம் உண்மையானது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு, முன்வந்த சிலரும் அதே கோயிலுக்குள்தான் உட்கார்ந்திருந்தோம். பங்குப் பணிகளில் ஈடுபட விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்று தவக்காலத்தில் அன்பியங்கள் எனும் தெருவாரிக் குடும்பக் குழுக்கள் வழியாகப் படிவம் அனுப்பியது பேரவைக்கு நினைவிருக்கும். எந்தப் பணி, எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்றெல்லாம் அதில் எழுதி, அன்பியப் பொறுப்பாளரின் கையொப்பமும் வாங்கி, பங்கு அலுவலகத்தில் சேர்த்தோம். கிடைத்தது என்றோ வேண்டாம் என்றோ இன்றுவரை ஒரு சொல் வரவில்லை. ஆகவே எங்கள் கோரிக்கையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்: பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள்.

அப்படி யார்தான் பெயர் கொடுத்தார்கள் என்று பேரவையில் சிலர் கேட்கக்கூடும். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், நோயாளிகளைச் சந்திக்கும் பணிக்கு எழுதிக் கொடுத்தார். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், நடக்க முடியாத முதியவர்களை ஞாயிறு முதல் திருப்பலிக்கு வாடகை வாங்காமல் கூட்டிவந்து திரும்ப வீட்டில் விடுவதாக எழுதினார். வங்கியில் வேலை பார்த்த ஒருவர், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்குகளை ஒழுங்காக எழுதித் தர முன்வந்தார். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள் இருவர் மறைக்கல்வி வகுப்புக்குக் கேட்டார்கள். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், துக்க வீடுகளில் செபம் நடத்தும் குழுவுக்கு எழுதினேன். இவர்களுள் ஒருவரும் பதவி கேட்கவில்லை. பேரவையில் நாற்காலியும் கேட்கவில்லை.

இவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

எங்கள் அன்பியத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு மாலை கட்டி விற்றே பிள்ளைகளை வளர்த்தவர் என்றால் பேரவையில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். கன்னியர் மடத்தில் மூத்த சகோதரி இருந்தவரை, மாதத்தின் முதல் வெள்ளிதோறும் பாட்டிக்கு வீட்டுக்கே நற்கருணை, அதாவது பூசையில் வழங்கும் திரு அப்பம், வந்துகொண்டிருந்தது. சகோதரி மாற்றலாகிப் போனார். பிறகு துணைப் பங்குத்தந்தை சில மாதங்கள் வந்தார். கிளைக் கிராமங்களின் திருப்பலிகளும் அவர் தலையில் விழுந்தபின் அதுவும் நின்றது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்?

பாட்டியைப் பொறுத்தவரை முதல் வெள்ளி இன்னும் நிற்கவில்லை. அன்று காலையில் கட்டிலருகே முக்காலியைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) மெழுகுதிரியும் சின்னக் குவளையில் தண்ணீரும் வைக்கச் சொல்கிறார். நன்மை (நற்கருணையை அவர் அப்படித்தான் சொல்வார்) வாங்கும்வரை ஒரு வாய் காப்பிகூடக் குடிப்பதில்லை. ஒரு மணி நேர உபவாசம் போதும் என்பதையும், முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அதுவுங்கூடக் கட்டாயமில்லை என்பதையும் எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும், நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த காலத்துப் பழக்கம் அவரை விடுவதாக இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர். வெறும் வயிற்றில் போட முடியாது. பத்து மணி, பதினொரு மணி என்று மருமகள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்து, கடைசியில், "சாமிக்கு இன்னைக்கு வெளியூர்ல பூசையாம் அத்தை" என்று மாதாமாதம் அதே பொய்யைச் சொல்லி, இட்லியை ஊட்டிவிட்டு, ஏற்றாத மெழுகுதிரியை எடுத்து உள்ளே வைக்கிறார். மாதா டிவியில் பூசை பார்க்கிறீர்கள்தானே என்று ஒருநாள் ஆறுதலாகக் கேட்டேன். "பாக்கத்தான் செய்யுறேன் டீச்சர், நன்மை டிவியிலயா வரும்?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேரவையிடம் இருந்தால் தெரிவியுங்கள்.

மேலே நான் குறிப்பிட்ட செவிலியர் அம்மாவின் வீடு அதே தெருவில்தான் இருக்கிறது. பாட்டிக்குச் சர்க்கரை அளவு பார்ப்பவரும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. நற்கருணை கொண்டுபோக மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி மறுக்கப்பட்டிருந்தால்கூட ஒருவகையில் மனம் ஆறும். அவருக்காக யாரும் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

இது நாங்கள் புதிதாகக் கிளப்பும் உரிமையும் அன்று. குருக்களும் திருத்தொண்டர்களும் போதாத இடங்களில், குருவோ துறவியோ அல்லாத தகுதியுள்ள பொதுநிலையினரை, ஆணோ பெண்ணோ, நற்கருணை வழங்கும் பணிக்கு ஏற்படுத்தலாம் என்ற அறிவுறுத்தல் 1973 ஜனவரி 29 அன்றே உரோமையிலிருந்து வந்துவிட்டது. 1983ஆம் ஆண்டுத் திரு அவைச் சட்டத் தொகுப்பின் 230, 910 ஆகிய எண்களும் அதற்கு இடம் தருகின்றன. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டு 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அச்சட்டத்தையே திருத்தினார். அதே ஆண்டு மே மாதத்தில் மறைக்கல்வி ஆசிரியர் பணியையும் முறையான திருப்பணியாக ஏற்படுத்தினார். நம் பங்கில் தேவைப்படுவது ஆயரகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டிய ஒரு கடிதம், அதன் பின் ஒரு பயிற்சி, அவ்வளவே.

ஆள் குறைவாக இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஊர் ஊராகப் போகும் தாம் ஓரிடத்தில் தங்க முடியாது என்று தெரிந்து, ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தி, செபம் சொல்லிக்கொடுப்பது முதல் உயிருக்குப் போராடும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வரை அவர்களை நம்பி ஒப்படைத்தார். நோயாளிகளின் வீட்டுக்குத் தம்மால் போக இயலாதபோது, செபம் கற்ற சிறுவர்களை அனுப்பிவைத்ததாக 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அவருக்குச் சிறுவர்களே போதுமானவர்களாக இருந்தார்கள். நமக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் போதவில்லை.

புனித தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமெல்லாரும் பேருந்து பிடித்துக் காற்றாடிமலைக்குப் போய்வந்தோம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் அந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்திய அரண்மனை அலுவலர். பொதுநிலையினரின் பெருமையைப் பற்றி அன்று கேட்ட மறையுரை இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெருமையெல்லாம் பேருந்தை விட்டு இறங்கும்வரைதான் போலும்.

நம் கோயிலில் பெயர்களுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மின்விசிறியின் இறக்கைகளில், குழல்விளக்கின் தகட்டில், தண்ணீர்த் தொட்டியின் நெற்றியில், பெஞ்சுகளின் முதுகில் எல்லாம் 'உபயம்' என்ற சொல்லுக்குப் பின்னால் பெயர்கள் இருக்கின்றன. பீடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். கொடியேற்றத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் தொகையோடும் குடும்பத்தாரோடும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி வாசிக்கப்படுகிறது. தம் நேரத்தைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்களோ அலுவலக பீரோவில் கிடக்கின்றன. சப்பரத்துக்குப் பூக் கட்ட, அசனத்துக்கு வெங்காயம் உரிக்க, திருவிழா முடிந்த மறுநாள் கோயிலைக் கழுவிவிட எங்களைக் கூப்பிடும்போது மட்டும் யாரும் படிவம் கேட்பதில்லை; அன்பியப் பரிந்துரையும் கேட்பதில்லை. அந்த வேலைகளில் எங்களுக்கு மனக்குறை ஏதுமில்லை, இனியும் செய்வோம். யாரை வாசகம் வாசிக்கக் கூப்பிடுவது, யார் எந்தத் தெருப் பிள்ளை, யாருக்கு விழாக் குழுவில் இடம் என்ற கணக்குகளைப் பற்றியும் எழுத நிறைய உண்டு. அவை தாங்கள் அறியாதவை அல்ல என்பதால், சினத்தில் எழுத்து எல்லை மீறுவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன். இதுவரை எழுதியதில் மரியாதைக் குறைவாக ஏதேனும் பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பேரவையின் தயக்கம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆட்டோ ஓட்டும் தம்பி அலுவலக வராந்தாவில் விசாரித்தபோது, ஏற்கெனவே இருப்பவர்கள் மனம் கோணக்கூடாது என்று அவரிடம் சொல்லப்பட்டதாம். இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், மரியாயின் சேனையில் மூட்டுவலியோடு வீடு சந்திக்கப் போகும் சில மூதாட்டிகளும், அதிகாலையில் கதவு திறந்து, மணியடித்து, பூசைப் பொருள்களை எடுத்துவைத்து, மைக்கையும் தானே சரிபார்த்து, இரவு கதவைப் பூட்டிவிட்டுப் போகும் வயதான கோயில்பிள்ளையும்தான் அதிகம். தங்கள் இடத்துக்கு யாரோ வந்துவிடுவார்களே என்ற கவலை அவர்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோள் கொடுக்க ஓர் ஆள் வந்தால் போதும் என்றுதான் கோயில்பிள்ளை ஐயா என்னிடம் சொன்னார். மனம் கோணக்கூடிய சிலர் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

தெரியாதவர்களை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. பிள்ளைகளோடு பழகும் மறைக்கல்விக்கும், தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்குள் போகும் பணிக்கும் விசாரிக்காமல் ஆள் சேர்க்கக்கூடாது என்பதே எங்கள் கருத்தும். நன்றாக விசாரியுங்கள். பயிற்சி கொடுங்கள், முதலில் பழகியவர் ஒருவரோடு சேர்த்து அனுப்புங்கள், சரிப்படவில்லை என்றால் நிறுத்துங்கள். தகுதியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஏற்றுக்கொள்வோம். பதிலே சொல்லாமல் இருந்துவிட்டு, ஆளே வரவில்லை என்று பீடத்தில் நின்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பொதுநிலையினர் பற்றிய ஆணை, பொதுநிலையினரின் உழைப்பு இல்லாவிட்டால் மேய்ப்பர்களின் பணியே பெரும்பாலும் முழுப் பயன் தராது என்று சொல்கிறது. 2021 அக்டோபரில் ஆயர் மாமன்றத்துக்கான கலந்துரையாடல் தொடங்கியபோது, நம் பங்கிலும் கேள்வித்தாள் வந்தது. அன்பியத்தில் கூடிப் பேசி அதையும் நிரப்பிக் கொடுத்தோம். பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு, முடிவு பங்குத்தந்தையுடையது என்று திரு அவைச் சட்ட எண் 536 கூறுவதால்தான் இம்மடலைத் தங்களுக்கே முதலில் எழுதுகிறோம். மேய்ப்பர்களிடம் தங்கள் கருத்தை மரியாதையோடு தெரிவிக்க நம்பிக்கையாளர்களுக்கு உரிமையும் சில வேளைகளில் கடமையும் உண்டு என்று 212ஆம் எண் கூறுவதால், திறந்த மடலாக எழுதத் துணிந்தோம்.

நாங்கள் கேட்பது மிகுதியில்லை. நம் பங்கில் என்னென்ன பணிகள் நடக்கின்றன, எதற்கு யார் பொறுப்பு, எதில் ஆள் தேவை, சேர விரும்புவோர் யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரம் ஒரே தாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியாமலேயே ஒதுங்கிப்போனவர்கள் நம் பங்கில் பலர் உண்டு. சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் குறிப்பாக. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அந்தப் படிவங்களை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்து, ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்து உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, செவிலியர் அம்மாவின் பெயரை ஆயரகத்துக்கு அனுப்பி, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் அனுமதியைக் கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை, வருகிற முதல் வெள்ளிக்காவது குருவானவர் ஒருவர் பாட்டியின் வீட்டுக்கு வந்துபோக ஏற்பாடு செய்யுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எத்தனை மணிக்கு வருகிறார் என்பதை முந்தைய நாளே சொல்லிவிட்டால், மாத்திரைக்கு ஏற்றபடி மருமகள் பார்த்துக்கொள்வார். குருவானவரைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட ஆட்டோ ஆயத்தமாக இருக்கிறது.

தவக்காலத்தில் நாங்கள் கொடுத்த படிவங்கள் அலுவலகத்தில் கைதவறிப் போயிருக்கவும் கூடும் என்பதால், பெயரும் பணியும் கைப்பேசி எண்ணும் எழுதிய பட்டியல் ஒன்றைச் செயலரிடம் தனியே மீண்டும் சேர்த்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு இம்முறை அவரிடம் கையொப்பமும் வாங்கியிருக்கிறோம்.

இறைவேண்டலில் தங்களை நினைவுகூரும்,
பெயர் கொடுத்த பங்கு மக்கள் சார்பாக,
அன்பியத்து ஆசிரியை ஒருவர்