ஓட்டுக் கேட்டு பவானிக்கு வர்ற எல்லாக் கட்சிக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணமாருங்களுக்கும் அக்காமாருங்களுக்கும் வணக்கமுங்க. ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு பிரிக்காம மொத்தமா எழுதறனுங்க, ஏன்னா இந்த ஒரு விசயத்துல எல்லாருமே ஒரே மாதிரிதான் நழுவுறீங்க.

பவானியில மைக்கப் புடிச்சா "புவிசார் குறியீடு பெற்ற ஜமுக்காளம்"னு சொல்லாம எறங்கறதில்ல. சரிங்க, இந்த ஊரு சரக்குக்கு மட்டுந்தான் இந்தப் பேருன்னு சட்டப்படி குடுக்கற அந்தக் குறியீட்ட 2005-06ல வாங்குனது, நெசந்தான். அத வெச்சு போலி சரக்கு விக்கறவன் எத்தன பேரு மேல கேஸ் போட்டீங்க, எத்தன பேருக்கு தண்டன வாங்கிக் குடுத்தீங்கன்னு கேட்டா மட்டும் சத்தத்தையே காணோம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனனுங்க, கடை பேரு வேண்டாம், "பவானி ஜமுக்காளம்"னு ஸ்டிக்கர் ஒட்டி ஆளுயரத்துக்கு அடுக்கி வெச்சிருந்தாங்க. தொட்டாலே தெரியுது, பாலியஸ்டர் நூலு, வழவழன்னு கெடக்குது, மடிச்சா கட்டப்பைக்குள்ள போயிரும். நம்மூரு சரக்கு முரட்டுப் பருத்தி நூலு, கல்யாண ஊட்டுக்கு விரிக்கற சைசுன்னா ரெண்டு பேரு ஒரே குழித்தறியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து நெய்யோணும், மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறிருச்சுன்னா அன்னிக்கு கூலியும் கெடையாது. என்ற அம்மா காலு ரெண்டும் அந்தக் குழிக்குள்ளயே பாதி ஆயுசு கெடந்துச்சு. ஏனுங்கண்ணா இது எங்க நெஞ்சதுன்னு கடைக்காரருகிட்ட கேட்டேன், "சோலாப்பூர்ல இருந்து வருது தம்பி, பவானின்னு போட்டாத்தான் ஓடுது"ன்னாரு, ஒரு பயமும் இல்லாம.

பயம் எதுக்கு வரோணும்? 1999 புவிசார் குறியீடு சட்டத்துல பொய்யா பேரு போட்டா 6 மாசத்துல இருந்து 3 வருசம் வரைக்கும் ஜெயில், 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்குது. வாரண்ட் இல்லாமயே டிஎஸ்பி போயி சரக்க அள்ளலாம், ஆனா அதுக்கு முன்னால புவிசார் குறியீட்டுப் பதிவாளருகிட்ட கருத்து கேட்டு வாங்கோணும். பதிவகம் எங்கியோ டெல்லியிலயா இருக்குது, சென்னையிலதானுங்க இருக்குது! ஒரு எம்எல்ஏ நெனச்சா நடக்காத வேலையா இது?

இதுல இன்னொரு கூத்து, அமெரிக்காவுல 1995ல மஞ்சளுக்கு காயம் ஆத்தற குணம் இருக்குதுன்னு சொல்லி பேட்டண்ட் வாங்குனாங்க, நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் சிஎஸ்ஐஆர் பழைய ஏடுகள எல்லாம் எடுத்துக் காட்டி சண்ட போட்டு 1997ல அத ரத்து பண்ண வெச்சாங்க. கடல் தாண்டிப் போயி ஜெயிச்சு வர முடியுது, ஜவுளிக்கடை ரேக்குல இருக்கற ஸ்டிக்கரக் கிழிக்க முடியலன்னா நாங்க என்னன்னு நெனைக்கறது.

காரணம் எங்களுக்குத் தெரியாம இல்லீங்க. இந்தப் பக்கம் பள்ளிபாளையம் திருச்செங்கோடு அந்தப் பக்கம் சோமனூர் பல்லடம்னு விசைத்தறி ஓட்டு எக்கச்சக்கம், கைத்தறிக்காரன் ஓட்டு வருசா வருசம் தேஞ்சுட்டே வருது. போலி சரக்கு மேல கைய வெச்சா விசைத்தறிக்காரங்க கோவிச்சுக்குவாங்கன்னு பயப்படறீங்க. அவங்களும் மொதலாளிங்க கெடையாது, பாதிப்பேரு கூலிக்கு ஓட்டறவங்கதான், 2025ல கூலி கேட்டு கோவை திருப்பூர் பக்கம் தறிய நிறுத்திப் போராடுனது உங்களுக்கே தெரியும், அது நாயமான போராட்டம். 2023ல இலவச கரண்ட எங்களுக்கு 200ல இருந்து 300 யூனிட்டு, அவங்களுக்கு 750ல இருந்து 1000 யூனிட்டுன்னு ஏத்துனாங்க, அதுலயும் எங்களுக்கு வயித்தெரிச்சல் கெடையாது. ஜமுக்காளத்த கைத்தறிக்குன்னே ஒதுக்கி 1985ல போட்ட சட்டம் ஒண்ணு தனியா இருக்குது, உச்சநீதிமன்றமும் 1993ல அது செல்லும்னு சொல்லிருச்சு, அத நெசமா அமல்படுத்துனா மெசினுல ஜமுக்காளம் ஓட்டவே கூடாது, அந்தச் சண்டைக்கு இன்னிக்கு நான் வரல. மெசினுல நெஞ்சத மெசின்ல நெஞ்சதுன்னே சொல்லி வித்துட்டுப் போங்க, பவானிங்கற பேர மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போங்கன்னுதான் கேக்கறோம்.

அப்பறம் இன்னொண்ணுங்க, குறியீடு இருந்தாலே நெசவாளிக்கு உரிமை வந்துருச்சுன்னு நீங்க நெனைக்கறீங்க. அந்தச் சட்டத்துல அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்னு தனியா பேரு பதியோணும், அப்பத்தான் அவன் சொந்தமா போயி கேஸ் போட முடியும். எங்க வீதியில யாரையாச்சும் கூப்புட்டுக் கேளுங்க, அப்படி ஒண்ணு இருக்கறதே பாதிப்பேருக்குத் தெரியாது. தறிக்காரன் ஒரு நாள் கூலிய விட்டுட்டு ஃபாரத்தத் தூக்கிட்டு சென்னைக்கு அலைவானாங்க?

பவானியிலயே நாலு நாள் முகாம் போட்டு, தறி ஓட்டற ஆம்பள பொம்பள அத்தன பேரையும் பயனாளரா பதிஞ்சு விடுங்க, ஃபீச கவுருமெண்டு கட்டட்டும். ஈரோடு மாவட்டத்துல ஒரு டிஎஸ்பிய இதுக்குன்னு சொல்லி, தீபாவளிக்கு முன்னால, சரக்கு குவியற நேரத்துல, நாலு கடைக்குள்ள போகச் சொல்லுங்க. போலிய அடையாளம் காட்டோணும்னா எங்க ஆளுங்க கூடவே வருவாங்க, தொட்டுப் பாத்தே சொல்லிருவாங்க.

மனு எழுதி கையெழுத்தெல்லாம் வாங்கி வெச்சிருக்கோமுங்க. எந்தக் கட்சி ஆபீசுக்கு எந்தத் தேதி கொண்டு வரட்டும்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
பவானித் தறிக்காரி மகன் ஒருத்தன்