முதலில் ஒரு வாளித் தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சரிவில் மரம் வெட்டி இறக்கும் பாடத்தை இந்த வருடம் நீயே எடுக்கப்போகிறாய் என்று படித்ததும், அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தடிகளைத் தொங்கவிட்டு இறக்கச் சரிவுக்கு மேலே கட்டும் கம்பி வடம், அந்த மேல்வடத்தின் கணக்கு வந்தாலே பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கணக்கை அப்புறம் வைத்துக்கொள். முதலில் ஒரு கயிறும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டு போ.

இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கட்டும். நடுவில் வாளியைத் தொங்கவிடு. கயிறு தொய்ந்திருக்கும்வரை சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கயிறு நேராகும்வரை இழுக்கச் சொல். முடியாது, கை நடுங்கும். அந்தச் சூட்டோடு கரும்பலகைக்குப் போ. இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருந்து, நடுவில் 2 டன் தொங்கினால், தொய்வு இடைதூரத்தில் 10 சதவீதமாக இருக்கும்போது வடத்தில் ஏறும் இழுவிசை சுமார் 5 டன். தொய்வை 5 சதவீதமாக்கினால் 10 டன். வடத்தின் சொந்த எடை தனி.

எனக்கு இதை யாரும் வாளி வைத்துச் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தடி தரையில் உரசுகிறதே என்று வடத்தை இன்னும் இறுக்கச் சொன்னேன். வடம் அறவில்லை, அதன் முனையைக் கட்டியிருந்த, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் மண் இளகிக் கிடந்தது. வடம் வீசியடிக்கக்கூடிய பக்கத்தில் ஒருவரையும் நிற்கவிடாமல் மேஸ்திரி விரட்டியிருந்ததால் யாருக்கும் அடி இல்லை. அவரிடம் அன்று வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

வடத்துக்கு அட்டவணை உண்டு, அறுபடும் விசையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதே என்று நாமும் சொல்கிறோம். அடிக்கட்டைக்கு எந்த அட்டவணையைப் பார்ப்பது? வடத்தில் இழுவிசைமானி பொருத்தப் போகிறாயாமே, கூடவே அடிக்கட்டை எவ்வளவு அசைகிறது என்றும் அளந்து பார்.

வின்ச், அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை, அதன் வடத்தில் கட்டிச் சரிவில் இறக்கும் மரம் வெட்டும் எந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆளைச் சரிவிலிருந்து எடுத்துக் கூண்டுக்குள் உட்கார வைத்தது பெரிய காரியம்தான். ஆனாலும் வடம் அறுந்தால்கூட எந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும் சரிவில் மட்டும்தான் இறக்க வேண்டும். இன்னொன்று, 100 சதவீதச் சரிவு என்றால் 45 டிகிரிதான் என்று முதல் நாளே சொல்லிவிடு. செங்குத்துச் சுவர் என்று நினைக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

நைலான் கயிறு மட்டும் வாங்காதே, நீண்டு பாடத்தைக் கெடுத்துவிடும். முழங்கால் எப்படி என்று கேட்டாய். ஏறிவிடுகிறேன், இறங்குவதுதான் சிரமம்.

அப்பா