மூன்று பிள்ளைகளோடு கப்பலேறப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதாகச் சொன்னாய். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. போனில் நிதானமாகப் பேச உனக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு படி.

உன் அண்ணன் குடும்பத்தோடு நானும் அப்பாவும் கப்பலில் போனபோது, கடலைப் பார்த்ததைவிட நான் பிள்ளைகளைப் பார்த்ததுதான் அதிகம். பெரிய கப்பலில் எல்லா வயதுக்கும் ஏதாவது இருக்கிறது. ஆனால் 14 வயதுக்கும் 9 வயதுக்கும் 2 வயதுக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பிடிக்கிற மாதிரி அநேகமாக எதுவும் இல்லை. நாள் முழுக்க ஐந்து பேரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஏறினால், மூன்றாம் நாளே எல்லோர் முகமும் வாடிவிடும். பகலில் அவரவர் வயதுக்கு ஏற்ற இடத்துக்கு விட்டுவிடு. ஒரு வேளை மட்டும் கட்டாயம் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அந்த ஒரு வேளையைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

முதலில் தேதி. டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதியை முடிவு செய்துவிடாதே. பிள்ளைகளின் வயதைப் பார். கைக்குழந்தை என்றால் 6 மாதம் முடிந்திருக்க வேண்டும், பல நாள் தொடர்ந்து கடலிலேயே போகும் பயணம் என்றால் 12 மாதம் என்பது பல நிறுவனங்களின் விதி. குட்டி அதைத் தாண்டிவிட்டாள். ஆனால் பணியாளர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளையாட விடும் கிளப் பெரும்பாலான கப்பல்களில் 3 வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் பழக்கம் விட்டிருந்தால்தான். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 2 வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். டிஸ்னி கப்பல்களிலும் ராயல் கரீபியனின் சில கப்பல்களிலும் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தனியாகக் காப்பகம் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், இடமும் குறைவு, முன்பதிவு தொடங்கியதுமே பிடித்துவிட வேண்டும். எந்தக் கப்பல் என்று பேசும்போது முதல் கேள்வியாக இதைக் கேள். குட்டியை விட இடம் இல்லாத கப்பல் என்றால், உங்கள் இருவரில் ஒருவர் எப்போதும் அவளோடுதான்.

பெரியவளுக்கும் இதே கணக்கு வேறு விதத்தில் வரும். பல கப்பல்களில் 12 முதல் 14 வரை ஒரு குழு, 15 முதல் 17 வரை இன்னொரு குழு. கப்பலேறும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு, கெஞ்சினாலும் பொதுவாக மாற்ற மாட்டார்கள். 15 வயது ஆவதற்குள் போனால் அவள் தன் குழுவில் பெரியவளாக இருப்பாள். பிறந்தநாளுக்கு அப்புறம் போனால் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் சின்னவளாக இருப்பாள். அவள் சுபாவம் எனக்குத் தெரியும். பெரியவளாக இருக்கும்போதுதான் அவளுக்கு வாய் திறக்கும். அதனால் பிறந்தநாளுக்கு முன்பே போய்விடுங்கள் என்பது என் கருத்து.

அவளிடம் இன்னொன்றும் சொல்லிவை. இந்த வயதுப் பிள்ளைகள் முதல் நாள் மாலையே கூட்டம் சேர்ந்துவிடுவார்கள். முதல் கூடுகைக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்துவிட்டால், அடுத்த நாள் எல்லோரும் ஏற்கெனவே நண்பர்களாகி இருப்பார்கள், உள்ளே நுழைவது கஷ்டம். பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி முதல் நாள் அனுப்பிவிடு. சுதந்திரம் கொடு, அதோடு சில கட்டளைகளும் கொடு. வேறு யாருடைய அறைக்கும் போகக் கூடாது, இடம் மாறினால் தகவல் சொல்ல வேண்டும், இரவு இத்தனை மணிக்கு அறையில் இருக்க வேண்டும். போன் கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகவே பிடித்துக்கொண்டு பில்லை ஏற்றிவிடும். கரையை விட்டதும் எல்லோர் போனையும் ஏர்பிளேன் மோடில் போடச் சொல். கப்பலின் செயலியில் உங்களுக்குள் செய்தி அனுப்ப வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் உலோகம், காந்தம் ஒட்டும். உன் அண்ணி ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் காந்தத்தால் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். யார் எங்கே, எத்தனை மணிக்கு வருவார்கள் என்று அதில் எழுதிவிட்டுத்தான் எல்லோரும் வெளியே போவார்கள். போனைவிட அதுதான் உதவியது.

குட்டியைப் பற்றி. டயப்பர் போடும் குழந்தையைப் பல கப்பல்களில் பெரிய நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். நீச்சலுக்கான டயப்பர் போட்டிருந்தாலும் விடமாட்டார்கள். சுகாதார விதி அது, பணியாளர்களிடம் வாதாடிப் பயனில்லை. சில கப்பல்களில் அந்த வயதுக்கென்றே தனித் தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கும். இருக்கிறதா என்று முன்னாலேயே கேள். அக்காவும் அண்ணனும் குளிக்கப் போகும்போது ஒருத்தி மட்டும் கரையில் நின்று அழுவதைப் பார்க்க உனக்குத் தாங்காது. பல கப்பல்களில் குளத்தருகே உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். அதனால் 9 வயதுப் பையன் நீந்தத் தெரிந்தவனாக இருந்தாலும் உங்களில் ஒருவர் கண் அவன் மேல் இருக்க வேண்டும்.

இனி நடுவன். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அவன்தான். குட்டிக்கு நீ வேண்டும், அவள் அழுது வாங்கிக்கொள்வாள். பெரியவளுக்கு நீ வேண்டாம், அவள் ஓடிவிடுவாள். நடுவன்தான் எதிலும் சேராமல் நிற்பான். குட்டியின் தூக்க நேரத்துக்காக அறையில் அடைபட்டுக் கிடப்பது அவன்தான், அக்காவின் பின்னால் போய் விரட்டப்படுவதும் அவன்தான். அவனுக்கு வாய் விட்டுக் கேட்கவும் தெரியாது. உன் அண்ணன் வீட்டிலும் நடுவில் இருப்பவன்தான் முதல் இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டு இருந்தான். அப்புறம் உன் அண்ணன் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவனோடு மட்டும் என்று ஒதுக்கினான். கூட்டம் வருவதற்கு முன் இருவரும் மேல்தளத்தைச் சுற்றி வருவார்கள். கப்பல் எப்படித் திரும்புகிறது, துறைமுகத்துக்குள் வழிகாட்டுபவரை ஏற்றி வரும் பைலட் படகு எங்கிருந்து வருகிறது, எதற்காக அந்த ஊர் வழிகாட்டி ஏறுகிறார் என்று கேள்வி மேல் கேள்வி. அதற்குப் பிறகு நாள் முழுக்க அவன் கிளப்பில் சந்தோஷமாக இருந்தான். மாப்பிள்ளையிடம் இதைச் சொல். சில கப்பல்களில் 9 வயதைத் தாண்டிய பிள்ளை கிளப்பிலிருந்து தானே கையெழுத்துப் போட்டு வெளியே வரப் பெற்றோர் அனுமதி கொடுக்கலாம். நீ கொடுக்காதே. இத்தனை தளங்கள் உள்ள கப்பலில் அந்த வயதுக்கு அது அதிகம்.

அறை விஷயத்தில் ஐந்து பேருக்கு ஒரே அறை தேடி அலையாதே. அப்படிப்பட்ட அறைகள் குறைவு. இடையே கதவு உள்ள இரண்டு அடுத்தடுத்த அறைகள் எடுத்தால் இரண்டு குளியலறை கிடைக்கும், ஒரு பக்கம் குட்டி தூங்கும்போது இன்னொரு பக்கம் விளக்குப் போடலாம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரியவர் பெயரில் பதிவு கேட்கும் நிறுவனங்களும் உண்டு. உள்ளே யார் எங்கே தூங்குவது என்பது உங்கள் வசதி. இன்னொன்று, அறையில் படுக்கை இருந்தாலும் அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் இடம் நிறைந்துவிட்டால் கூடுதல் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் சீக்கிரம் பதிவு செய்துவிடுவது நல்லது.

தளவரைபடத்தில் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் குட்டி எழுந்துவிடுவாள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கடல் குமட்டல் அரிது, 2 முதல் 12 வரைதான் அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறு சொல்ல, உடம்பு குழம்பிப்போவதால் வருவது அது. நடுவனுக்கு வந்தால் வெளியே கூட்டிப்போய் அடிவானத்தைப் பார்க்கச் சொல், டேப்லெட்டை வாங்கி வைத்துவிடு. மாத்திரை என்ன கொடுக்கலாம் என்று கிளம்புவதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் செலவு உங்களுடையது. வெளிநாட்டு மருத்துவத்துக்கும் கப்பலிலிருந்து அவசரமாக இறக்குவதற்கும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள். பால்கனி அறை என்றால் நாற்காலியைக் கம்பிக்கு அருகே ஒருபோதும் விடாதே, கதவு எப்போதும் பூட்டியே இருக்கட்டும். குட்டி ஏறத் தொடங்கிவிட்டாள் என்று நீதானே சொன்னாய். உன் இடத்தில் நானாக இருந்தால் இந்த வருடம் பால்கனி வேண்டாம் என்பேன், ஜன்னல் போதும்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். விடாதே. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு அதற்குள் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. அதன் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள், 2015 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது பல கப்பல்களில் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆபத்து வந்தால் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தால் போதும். மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நடந்தே போங்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்ற அபாய ஒலி கேட்டால் எங்கே வர வேண்டும் என்று நடுவனும் பெரியவளும் தாங்களாகவே சொல்ல வேண்டும். கிளப்பில் இருக்கும்போது ஒலி கேட்டால் பணியாளர்கள் பிள்ளைகளை அழைத்து வருவார்களா, நீ போய் எடுக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள். குட்டியின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் அன்றைக்கே கேட்டு வாங்கு.

கை கழுவுவதற்குச் சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸுக்கு சானிடைசரை நம்பக் கூடாது. ஒருவருக்கு வந்தால் அறையில் உள்ள ஐந்து பேருக்கும் சுற்றி வரும்.

கரையில் இறங்கும் நாட்களில் எல்லோரும் எல்லாத் துறைமுகத்திலும் இறங்க வேண்டியதில்லை. ஒரு நாள் மாப்பிள்ளை பெரிய பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கட்டும், நீ குட்டியோடு கப்பலில் இரு. அடுத்த துறைமுகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பல் பாதி காலியாக இருக்கும், சறுக்கு விளையாட்டுகளில் வரிசையே இருக்காது. நடுவனுக்கு அப்படி ஒரு நாளாவது கொடு. இறங்கும்போது கப்பலின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், சில இடங்களில் ஊர் நேரமும் கப்பல் நேரமும் வேறாக இருக்கும், போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்று வேண்டும். தாமதமானால் விட்டுவிட்டுத்தான் போவார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் நீ மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக முடிவானால், அவர் சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும், சில நாடுகளில் கேட்பார்கள்.

அந்த ஒரு வேளை என்று சொன்னேனே, அது இரவுச் சாப்பாடாக இருக்கட்டும். சீக்கிரம் உட்காரும் நேரத்தைப் பதிவு செய், குட்டி தூக்கத்தில் சிணுங்கத் தொடங்குவதற்கு முன் முடிந்துவிடும். பெரியவளுக்கு நண்பர்களோடு சாப்பிட ஆசை வரும், மற்ற வேளைகளில் போகட்டும், இது மட்டும் நம்மோடு என்று கப்பலேறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடு. முதல் பேச்சு நடுவனுடையதாக இருக்கட்டும்.

அறை எண்ணை உறுதி செய்வதற்கு முன் தளவரைபடத்தை எனக்கும் அப்பாவுக்கும் ஒருமுறை அனுப்பு. குட்டிக்கு இடம் கொடுக்கும் கப்பல் எது என்று கேட்டுவிட்டாயா என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா