மிளாவைப் பற்றி உனக்கு இதுவரை எழுதாமலிருந்தது

குலசேகரம்

அன்பு நண்பனுக்கு,

நலம்தானே? மிளா இறந்துவிட்டான் என்று அன்றிரவு தொலைபேசியில் நான் சொன்னபோது, நீ சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு "அடக்கம் எப்போ?" என்று மட்டும் கேட்டாய். மஸ்கட்டிலிருந்து நீ வந்து சேர முடியாது என்பது நம் இருவருக்குமே தெரிந்திருந்ததால் நானும் அதற்கு மேல் பேசவில்லை. விவரமாகக் கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னவன், எழுத உட்காருவதற்கு மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். வேலை மிகுதி என்று சொன்னால் அது பொய். அவனைப் பற்றி எழுதத் தொடங்கினால் என்னைப் பற்றிய ஒன்றையும் எழுதியாக வேண்டும் என்பதால்தான் தள்ளிப் போட்டேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அன்றும் விடிவதற்கு முன் வழக்கம்போல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போயிருக்கிறான். பாதி மரங்களை வெட்டி முடித்தபோது நெஞ்சைப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று கூட வந்தவனிடம் சொல்லிவிட்டு, கத்தியை மரத்தில் சாய்த்து வைத்து, அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். ஜீப் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வயது 56. தேவாலயம் கொள்ளாத கூட்டம். அடக்க ஆராதனையில் போதகர் அவனுடைய ஞானஸ்நானப் பெயரை வாசித்தபோது, வேறு யாருடைய அடக்கத்துக்கோ வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தேன். பேச்சிப்பாறைக் காட்டிலிருந்து இறங்கி வருகிற மிளா மானைப் போல முழங்காலை உயரத் தூக்கி ஓடுகிறான் என்று எட்டாம் வகுப்பில் வைத்த பெயர், ஆசிரியர்கள் வாயிலிருந்துகூட அவனுடைய உண்மைப் பெயரை விரட்டிவிட்டதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அவனுடைய கைகள் உனக்கு நினைவிருக்கின்றனவா? அப்பாவுக்கு உதவியாக இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய், வெட்டிய மரங்களின் சிரட்டைகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, முதல் மணி அடிக்கும்போது ஓடி வந்து வகுப்பில் நுழைவான். கணக்கு வகுப்பு முழுவதும் விரல்களில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பாலை மேசைக்கடியில் உரித்துக்கொண்டிருப்பான். விரலின் ரேகையோடு மெல்லிய தோல்போல அது கழன்று வரும். அதைச் சுருட்டி உன் சட்டைக் காலருக்குள் போட்டுவிட்டு, கரும்பலகையை மிகவும் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருப்பான். ஒட்டுப்பாலை நூல்போல இழுத்துச் சுற்றி அவன் செய்து தந்த பந்துகள், கடையில் வாங்கிய பந்தைவிட உயரமாக எம்பும். வகுப்பில் அவனிடமிருந்து ஒரு பந்தாவது வாங்காதவன் யாருமில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோனால் அவன் வீட்டில் அடுப்பெரிவது சிரமம். ஆனால் அவனுக்கு அந்த நாள்களில்தான் விடியும்வரை தூக்கம் கிடைக்கும். அதை அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். கேட்கிற நமக்குத்தான் எப்படிச் சிரிப்பது என்று தெரியாது.

தோட்டத்துச் சரிவில் மரத்துக்கு மரம் ஓடித்தான் அவனுக்கு அந்தக் கால் வந்தது என்று நம் விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவனுடைய அண்ணனும் அதே தோட்டத்தில் அதே வாளியைத்தான் சுமந்தான். அவனால் பேருந்தைத் துரத்திப் பிடிக்கவும் முடிந்ததில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டு, சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த சமயம். இந்தியா வாங்கிய 5 தங்கப் பதக்கங்களில் 4 பி.டி. உஷா ஓடியதால் வந்தவை; மூன்று அவர் தனியாக வென்றவை, ஒன்று 4x400 தொடர் ஓட்டம். அந்தச் செய்திகளை நாம் திருவனந்தபுரம் வானொலியில் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தபோது, மிளா மட்டும் ஷைனி ஆபிரகாமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். 800 மீட்டர் ஓட்டத்தில் முன்னால் ஓடி முடித்தும், விதிப்படி தன் தடத்தை விட்டு உள்தடத்துக்கு வர வேண்டிய இடத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அவரைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள் அல்லவா? 800 மீட்டர் மிளாவின் ஓட்டம். ஆகவே மறுநாள் இடைவேளையில் மைதானத்து மண்ணில் ஒரு குச்சியால் எட்டுத் தடங்களையும் வரைந்து, முதல் வளைவு எங்கே முடிகிறது, எந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு உள்ளே வரலாம், எங்கே வந்தால் தவறு என்று நமக்கு வகுப்பே எடுத்தான். நீ அவன் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். இதை நினைவில் வைத்துக்கொள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் நம்முடைய போட்டி. காலையில் அவன் 800 மீட்டரில் முதலாவதாக வந்தான். மாலையில் 4x400 ரிலே. நீ முதல் ஆளாக ஓடி எட்டு, பத்து மீட்டர் முன்னிலையோடு குச்சியைக் கொடுத்தாய், இப்போது ஓசூரில் இருக்கிறவன் அதைக் குறையாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தான், நான் மூன்றாவது, மிளா கடைசி. முந்தைய நாள் பெய்த மழையில் குச்சி வழுக்கியது என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். குச்சி உலர்ந்துதான் இருந்தது.

நான் கடைசி வளைவைத் தாண்டியபோதே கால்கள் என்னுடையவையாக இல்லை. 4x400 ரிலேயில் வாங்குகிறவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாங்குவதால், கொடுக்கிறவன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அவன் கை மூடும்வரை பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குச்சி அவன் உள்ளங்கையில் பட்டது. பட்டதுமே நான் விட்டுவிட்டேன். என் வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் விட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், ஐம்பது கிராமுக்குச் சற்று மேலான எடை. அது மண்ணில் விழுந்த ஓசை என் காதில் இன்னும் இருக்கிறது.

நழுவவிட்டவன்தான் குனிந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மிளா நின்று, என்னைப் பார்த்து, "எடுலே மக்கா, எடு" என்றான். நான் முழங்கால்களில் கைகளை ஊன்றியபடி நின்றேன். இரண்டாம் முறையும் சொன்னான். ஒருவன் நம்மைக் கடந்தான், இன்னொருவன் கடந்தான், மூன்றாமவனும் கடந்தான். அதற்குப் பிறகுதான் மிளா தானே குனிந்து குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் ஓடிய அந்தச் சுற்றைப் பற்றி உனக்கு எழுதத் தேவையில்லை. நாலாவதாகக் கிளம்பி முதலாவதாக வந்தான், நடுவர் அதற்கு முன்பே விதிமீறலுக்கான கொடியைத் தூக்கிவிட்டிருந்தார்.

பி.டி. சார் கேட்டபோது, "நான் கையை மூடல சார், என்கிட்ட இருந்துதான் விழுந்துச்சு" என்று அவன் சொன்னதை நீயும் கேட்டாய். நானும் கேட்டேன், வாய் திறக்கவில்லை. விதி தெரியாத மடையன் என்று நீ அவனைத் திட்டினாய். அவன் குச்சியைத் தொடாமல் விட்டிருந்தால்கூட மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வந்திருப்போம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ அந்தச் சான்றிதழை நம்பியிருந்தாய் என்பதும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம் என்று உன் வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அவனுடைய கல்யாணத்துக்கு நீ ஊரில் இருந்தும் வரவில்லை என்பதும் தெரியும். அப்போதும் நான் சொல்லவில்லை. தன் கையிலிருந்து விழுந்ததைத் தானே எடுத்தானென்றால் அதில் என்ன விதிமீறல், நடுவர் ஏன் கொடியைத் தூக்கினார் என்று நம்மில் யாருமே யோசிக்காததுதான் எனக்கு இன்றுவரை விளங்காத ஆச்சரியம்.

பல வருடங்கள் கழித்து, திற்பரப்புக்குப் போகிற வழியில் ஒரு சாயாக்கடையில் அவனிடமே கேட்டேன். ஷைனிக்கு நேர்ந்ததை மண்ணில் வரைந்து காட்டியவன் நீ, ஏன் எடுத்தாய் என்றேன். பழம்பொரியை ஊதிக்கொண்டே, "நீ குனிஞ்சா பிறகு எழும்பவே மாட்டேன்னு தோணிச்சு மக்கா" என்றான். சாரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, காலையில் எனக்கு ஒரு முதல் பரிசு கிடைத்துவிட்டது, உனக்கு அன்றைக்கு வேறு என்ன இருந்தது என்றான். இதை அவன் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. கணக்கு சொல்வதைப்போலத்தான் சொன்னான்.

அவன் பிற்காலத்தைப் பற்றி உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ரப்பர் விலை உச்சத்திலிருந்த 2011-இல் ஓட்டு வீட்டைக் காங்கிரீட் வீடாக்கினான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, அவன் குத்தகைக்கு எடுத்து வெட்டிக்கொண்டிருந்த மரங்களில் பெரும்பாலானவை ஒரே நாளில் சாய்ந்தன. புதிய கன்று நட்டால் பால்வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். மரங்களை அப்புறப்படுத்திய அந்த மேட்டில், தோட்டக்காரரின் அனுமதியோடு சுண்ணாம்புக் கோடு போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மாலை நேரங்களில் ஓடவைத்தான். கன்று நட்ட பிறகு பள்ளி மைதானத்துக்கு மாறினான். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பிள்ளைகளில் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தேன். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். மிளா அவர்களுக்கு 'சார்'. ரிலேயில் குச்சி மாற்றுவதை எப்படிக் கற்றுத்தந்தார் என்று கேட்டேன். "கை மூடுறதுக்கு முன்னாடி ஓடத் தொடங்குனா குச்சி விழும், நானே நாகர்கோவில்ல அப்படி விழவச்சவன்தான், என்னால மூணு கூட்டுக்காரங்க தோத்தாங்கன்னு சார் சொல்லுவாங்க" என்றான். அந்த மூவரில் நானும் ஒருவன் என்று அவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அதற்கு மேல் அந்தப் பையனிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அங்கே சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். ஓசூர்க்காரனிடம் நேற்றுப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டான். நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. கோபப்பட்டால் அது நியாயம். அந்தக் கோபம் நாற்பது வருடமாக வேறொருவன் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு காரியம். மிளாவின் மனைவி உன்னிடம் கேட்கச் சொன்னது. அவனுடைய இளவயதுப் படம் ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை. அன்று மாலை, பி.டி. சார் முன்பணம் கொடுத்துவிட்ட ஒரே காரணத்துக்காக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வடசேரி ஸ்டுடியோவில் நால்வரும் நின்றோமே, அந்தப் படம் உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருப்பதாக முன்பு சொல்லியிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்து வைத்தால் பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம். அதற்கு முன்பே தங்கையிடம் சொல்லிப் பார்க்க முடிந்தால், படத்தில் குச்சி யார் கையில் இருக்கிறது என்று எனக்கு எழுது. படமெடுப்பவர் "சிரிங்க" என்று சொன்ன நேரத்தில் மிளா அதை என் கையில் திணித்ததாக ஒரு ஞாபகம்.

அன்புடன்,
உன் மூன்றாவது ஓட்டக்காரன்