இயற்கைச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை (பொதுக்குழுவில் வாசித்தது)

தலைவர் அண்ணாச்சிக்கும், வந்திருக்கிற அண்ணாச்சிமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

சித்திரையில பொதுக்குழு நடந்துச்சு. புரட்டாசியில குளக்கரையில பனை விதை ஊனுனோம். தையில கூந்தன்குளம் பறவை பாக்கப் போனோம், வேன் நிறைஞ்சு போனோம். மாசக் கூட்டம் பன்னெண்டுல ஒம்பது நடந்துச்சு.

இனி ராத்திரி நடை, அதாவது ராத்திரி குளத்தோரமா நடந்து தவளை பாம்பு பாத்து நோட்டுல எழுதுறது. இதைக் கொஞ்சம் விரிவாத்தான் சொல்லணும், ஏன்னா போன கூட்டத்துலயே "குளிர் நேரத்துல போயி தவளை பாம்பு தேடுததுக்கு ஒரு சங்கமா"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. குளிர் நாடுகள்ல மார்கழி நேரத்துல இதுங்க எல்லாம் மண்ணுக்குள்ள முடங்கிரும், அது சரிதான், ஆனா நம்ம ஊருக்கு ஐப்பசி கார்த்திகைதான் அடைமழை, குளம் பெருகுறதும் பிசான நெல்லு நடவு நடக்குறதும் இந்த வடகிழக்கு மழையிலதான், தவளை தோலாலயும் மூச்சு விடுத ஜீவன், ஈரம் இல்லாம அதுக்கு வாழ்வு இல்ல, அதனால வருஷம் பூரா மண்ணுக்குள்ள கெடக்குறதுகூட இந்த ரெண்டு மாசம் வெளிய வந்துரும். இதை விட்டா அடுத்த ஐப்பசி வரைக்கும் காத்துக் கெடக்கணும்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்க இருக்கிற நம்ம குளத்துல, ஐப்பசி கடைசியில இருந்து மார்கழி முடிய சனிக்கிழமை தோறும் ராத்திரி ஏழு மணிக்கு மடையில ஆரம்பிச்சு குளம் நெறஞ்சா தண்ணி வெளிய போற மறுகால் வரைக்கும் நடக்கிறதுன்னு வச்சிருந்தோம். முதல்ல லைட்ட அணைச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா நிக்கணும். நுணலும் தன் வாயால் கெடும்னு நம்ம பெரியவங்க சொன்னது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும், பாதித் தவளைய காதாலதான் கண்டுபிடிக்கணும். மரத் தேரை கட்டையில தட்டுன மாதிரி டக் டக்குன்னு விட்டு விட்டு கத்தும். அப்புறம் டார்ச்ச கண்ணு மட்டத்துக்குப் பிடிச்சுப் பாத்தா சொறித்தவளை கண்ணு மின்னும். புல்லுக்குள்ள பனித்துளி மாதிரி சின்னதா மின்னுறது சிலந்திக் கண்ணு, புதுசா வாறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் தவளைன்னு காட்டுவாங்க. பாம்புக் கண்ணு அப்படி மின்னாது, அதனால காலு வைக்கிற இடத்தப் பாத்துத்தான் வைக்கணும், கம்பூட் இல்லாம யாரையும் கூட்டிட்டுப் போகல.

முதல் நடையிலயே பெரிய தவளை ஆண்கள் எலுமிச்சம்பழ மஞ்சள்ல வயல்ல கெடந்ததப் பாத்தோம், நல்ல மழைக்கு அதுங்க நிறம் மாறும். மடைக்கு மேல சாஞ்ச கருவேலங் கிளையில மரத் தேரை நுரைக்கூடு கட்டியிருந்துச்சு, அடுத்த சனிக்கிழமை போனப்ப தலைப்பிரட்டை நேரா கீழ தண்ணியில விழுந்துட்டு இருந்துச்சு, அந்தக் காட்சிய நான் இன்னும் மறக்கல. சொறித்தவளை முட்டை நீளக் கயிறா புல்லுல சுத்திக் கெடந்துச்சு. யாரும் எதையும் கையில பிடிக்கல, கொசுவுக்குத் தடவுன கையால தொட்டா அந்த மருந்து அதோட தோலு வழியா உள்ள போயிரும்.

ஒரு நாள் மறுகால் பக்கம் கட்டுவிரியன் குறுக்க போச்சு. அந்தத் தெருக்காரங்க கம்போட வந்துட்டாங்க, நாங்க லைட்ட மட்டும் அடிச்சுக்கிட்டு தள்ளி நின்னோம், அது கல்லு சந்துக்குள்ள போயிருச்சு. பாம்பைப் பிடிக்கிறதோ அடிக்கிறதோ 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்னு சொன்னோம். கடி பட்டா மந்திரிக்கப் போகாம 108-க்குக் கூப்பிட்டு ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னும், கட்டுவிரியன் கடி வலிக்காமலும் இருக்கும்னும், தரையில படுக்காம கொசுவலை கட்டிப் படுங்கன்னும் சொன்னோம். அந்தத் தெருவுல ரெண்டு வீட்டுல அடுத்த வாரமே வலை கட்டியிருந்தாங்க.

மார்கழியில ஒரு காலை செம்மணல் தேரிக்காட்டுக்குப் போனோம். தொண்டையில விசிறி மாதிரி விரிக்கிற விசிறி ஓணான் பாக்கத்தான். பனிக்கு மணல் குளுந்து கெடந்ததால பத்து மணி வரைக்கும் ஒண்ணும் வெளிய வரல, வெயில் ஏறுனதும் வந்துச்சு. விசிறி ஓணான்ல தென் தமிழ்நாட்டு இனம் ஒண்ணுக்கு 2016-ல மருதம்நெய்தல்னு நம்ம திணைப் பேரையே அறிவியல் பேரா வச்சிருக்காங்க, நமக்கு இது பெருமை. களக்காடு முண்டந்துறைக்குள்ள ராத்திரி கூட்டிட்டுப் போகச் சொல்லி சில பேர் கேட்டாவ. அது 1988-ல இருந்து புலிகள் காப்பகம், அனுமதி இல்லாம நம்ம சங்கம் உள்ள கால் வைக்காது.

இப்ப மனசுல உள்ளத சொல்லிருதேன். உறுப்பினர் நாப்பது பேருக்கு மேல இருக்கோம். நடைக்கு வந்தது அஞ்சு பேரு, சில வாரம் மூணு. சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டா "அண்ணாச்சி, மழை வாற மாதிரி இருக்கு, அடுத்த வாரம் பாப்போம்". மழை வாற அன்னைக்குத்தான் போகணும், அதை நான் எத்தனை தடவ சொல்லுவேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல நம்ம பழைய நோட்டு எல்லாம் போச்சு, முதல்ல இருந்து எழுதிக்கிட்டு இருக்கோம். ஒரே குளத்த ஒரே பாதையில வாரா வாரம் பாத்து எழுதுனாத்தான் எந்தத் தவளை குறையுது எது கூடுதுன்னு நாளைக்கு ஒருத்தர்கிட்ட காட்ட முடியும். கார்த்திகை மூணாவது சனிக்கிழமை நான் மட்டும்தான் மடையில நின்னேன். ஒத்தையில நடக்கக்கூடாதுன்னு விதி போட்டது நானே, அதனால எட்டரை வரைக்கும் நின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். நோட்டுல அந்தப் பக்கம் காலியா இருக்கு. அன்னைக்கு நல்ல மழை.

கணக்கு பொருளாளர் தனியா வாசிப்பாங்க. சுருக்கமா, வரவும் செலவும் ஏறக்குறைய சமம், டார்ச் பேட்டரி, கம்பூட், வேன் வாடகைன்னு போச்சு, கொஞ்சம் என் கையில இருந்தும் போட்டிருக்கேன். சந்தா வருஷத்துக்கு இருநூறு ரூபாதான், பாதிப் பேருகிட்ட இருந்து இன்னும் வரல, ரெண்டு வருஷமா வராதவங்களும் இருக்காங்க. பேரு வாசிக்கல.

வரப்புல நடக்க விட்ட விவசாயிகளுக்கும், அந்த ஒரு சனிக்கிழமை தவிர நடைக்குத் தவறாம வந்த ரெண்டு காலேஜ் பிள்ளைகளுக்கும், டீ போட்டுத் தந்த அக்காவுக்கும், தலைவர், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இந்தப் பொறுப்புல நான் இருக்கணுமா வேற ஆளு வரணுமான்னு பொதுக்குழுவே சொல்லட்டும். யாரு இருந்தாலும் நோட்டு நிக்கக்கூடாது. டார்ச் நாலு எங்க வீட்டுல இருக்கு, ரெண்டுக்கு பேட்டரி வாங்கணும். ஐப்பசி கடைசி சனிக்கிழமை ஏழு மணிக்கு மடையில நிப்பேன், இன்னொரு ஆளு வந்தா நடப்போம்.